உன் மொச்சைக் கடைசலில் வெண்ணெய் இல்லை, அக்கா

பதினாறு வருஷம் என்னைப் பொறாமையில் வேக வைத்தும், ஒரு நாள்கூடப் பசியோடு விடாத என் பாவாயி அக்காவுக்கு,

நீ இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, வீட்டுக்கு மூத்த மருமகள்; வேறெப்படிக் கூப்பிட முடியும்? இப்போது 'நீ' என்று எழுதுகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. உன்னோடு சண்டை போட 'நீங்க' வாகாக வரவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம். வாசலில் பாய் விரித்துக் கேழ்வரகு காய வைத்திருக்கிறேன். கோழிக்குக் காவல் உட்கார்ந்தபடியே எழுதுகிறேன். உப்புப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக் கூட்டிக் கூட்டி எழுத்துப் படித்தவள் நான். பிழை இருந்தால் நீ சிரிக்க மாட்டாய், உனக்கு எழுத்தே தெரியாது. பார், முதலிலேயே குத்திவிட்டேன். எனக்கு உன்னிடம் வேறு எதில் மேல் கை இருந்தது?

ஊர்ச் சேதி ஒன்று. நம் மலைக்கு ரோடு வரப்போகிறதாம். சட்டை போட்ட நாலு பேர் சங்கிலி பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். லாரி வருமாம், பஸ்கூட வருமாம். போன ஐப்பசியில் அது இருந்திருந்தால் காய்ச்சலோடு உன்னைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கியிருக்க வேண்டாம். பாதி மலையில் நீ முடிந்துபோயிருக்கவும் வேண்டாம்.

சரி, நான் சொல்ல வந்தது அது இல்லை. நம் வீட்டு மொச்சைக் கடைசலைப் பற்றி.

நான் இதே மலையில் அந்தப் பக்கம் இருக்கிற திண்ணனூர் நாட்டிலிருந்து இங்கே எடப்புளி நாட்டுக்கு வாழ வந்தபோது எனக்கு இந்த வீட்டு முறை எதுவும் தெரியாது. நீதான் சொன்னாய். ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாள் மாட்டின் மடியில் கை வைக்கக் கூடாது. பால் முழுதும் கன்றுக்கு. மோர், தயிர், நெய், எதுவும் வீட்டில் யார் நாக்கிலும் படக் கூடாது. காப்புக்கு முன்னால் கடைந்து சேர்த்த வெண்ணெய் மட்டும் பானைத் தண்ணீரில் மிதந்துகொண்டு உறியில் தொங்கும். எட்டாம் நாள் சாயங்காலம் அதைக் காய்ச்சி அம்மன் விளக்குக்கு ஊற்ற வேண்டும். அன்று உச்சியில், சாமி தூக்குகிற நாற்பது பேருக்கும் நம் வீட்டில் கேழ்வரகுக் களியும் மொச்சைக் கடைசலும்.

கடைவது மூத்த மருமகள் வேலை. வெண்ணெய்ப் பானைக்குத் தினமும் தண்ணீர் மாற்றி, உருண்டைகளை எண்ணி வைப்பது சின்ன மருமகள் வேலை. எனக்கு எண்ணத் தெரியும், எழுதத் தெரியும் என்று அத்தை கொடுத்த பெருமை அது. நானும் நோட்டுப் போட்டு எழுதினேன். ஆனால் அக்கா, எண்ணிக்கையை யார் இலையில் போட்டுச் சாப்பிடுவார்கள்?

உன் கடைசலைச் சாப்பிட்டார்கள். களியைப் பிட்டு, அதில் ஒரு தோய் தோய்த்து வாயில் போட்டதும் ஒவ்வொருத்தர் முகமும் மாறுவதை நான் தூணோரம் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் பாலாடை போல வழுக்கிக்கொண்டு போகும். பின்னாலேயே மிளகு வந்து தொண்டையைப் பிடிக்கும். கண்ணில் தண்ணீரோடு "இன்னொரு அகப்பை போடு தாயி" என்பார்கள். பாலும் நெய்யும் விலக்கிய எட்டாம் நாள், வறண்டு கிடக்கும் நாக்குக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, நான் ஆக்கிப் போட்டதைத் தலை நிமிராமல் தின்றுவிட்டுப் போகிற மனுஷர். உன் கடைசலை மட்டும் இலையில் விரலால் வழித்தார். வழித்த விரலை என் கண் முன்னால் சப்பினார். "எங்க அண்ணி கையி கையிதான்" என்று என்னிடமே சொன்னார். அன்றைக்கு எனக்கு வயிற்றில் எரிந்தது மிளகு இல்லை.

வந்த ஆறாவது வருஷம் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன், இதைக் கேட்கப் போகிற மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

நீ சட்டியை இறக்கி வைத்திருந்தாய். பந்திக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் அகப்பையால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். விரலில் பிசுக்கு. அத்தை பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க அத்தை, வெண்ணெ போடாம இப்பிடி மினுங்குமாங்க?" என்றேன்.

அத்தை முகம் சிறுத்துப்போனது. "ஏம்புள்ள பாவாயி, என்ன சொல்றா இவ?"

நீ என்னைத்தான் பார்த்தாய். "நீ கண்ணுல பாத்தியா சாமி?"

"கண்ணு எதுக்குங்க? நாக்கு போதாதுங்களா?"

அதற்குள் வாசலில் இருந்த பெண்கள் நாலு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். அத்தை உன் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சேர்த்தாய், எப்படி ஆக்கினாய், சொல்லிவிடு என்று கெஞ்சினார். நீ கையை உருவிக்கொண்டாய்.

"சொல்ல மாட்டேனுங்க அத்தை. களவாணின்னு பேரு வச்ச பொறவு வழிமுறையெ ஒப்பிச்சுக் காட்டோணுமாக்கும்? அம்மன் முன்னால கற்பூரம் அணைக்கறேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

நீ கோயிலுக்குப் புறப்படக் குளிக்கப் போனாய். நான் உறியை இறக்கினேன். எண்ணினேன். காப்பு நாள் நோட்டில் எழுதியது பதினொன்று. பானையில் இருந்தது பதினொன்று. ஒவ்வொன்றும் நான் உருட்டிய அளவில், என் விரல் தடத்தோடு. மறுபடி எண்ணினேன். மறுபடியும் பதினொன்று.

நீ குளித்து, ஈரச் சேலையோடு வாசலைத் தாண்டினாய். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கோயில் வரைக்கும் உன் பின்னாலேயே நடந்தேன். வழி முழுக்கக் கூப்பிட்டிருக்கலாம். பூசாரி கற்பூரம் ஏற்றியபோது, வாயைத் திறந்திருக்கலாம். நீ வலது உள்ளங்கையை விரித்து அந்தச் சுடரின் மேல் வைத்து அழுத்தினாய். நான் அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை. தினம் விளக்கு வைத்துக் கும்பிடாமல் வாயில் தண்ணீர் விடாத நான், அன்றைக்கு அவளைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து அதே கையால் பந்தி பரிமாறினாய். முதல் அகப்பை என் இலையில். உள்ளங்கை நடுவில் கறுப்பாய் ஒரு வட்டம்.

"தின்னு பாரு சாமி, வெண்ணெ இருக்கான்னு."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பின்னால் பத்து ஆடி வந்தது. பத்து ஆடியிலும் முதல் அகப்பை எனக்கு, அதே வார்த்தை, அதே சிரிப்பு. வார்த்தையைச் சர்க்கரை போலச் சொன்னாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபித்துக்கொண்டு என் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் தீர்ந்திருக்குமே.

ஒன்று கேட்கிறேன். உறிப் பானையை எண்ணுகிறவள் நான் என்று உனக்குத் தெரியும். "வெண்ணெயை எண்ணிப் பாருங்க அத்தை" என்று அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால், பொய் யாருடையது என்று அடுப்படியிலேயே முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றினாயா, தண்டித்தாயா? இரண்டில் எதுவென்றாலும் அதைச் செய்ய ஒரு மனசு வேண்டும். எனக்கு அது இல்லையே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி இந்த ஆடியின் கதை.

"சட்டி இந்த வருஷம் உன்னுதுதான் அங்கம்மா" என்று அத்தை சொன்னார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. நீ போனதில் இல்லை, சட்டி வந்ததில். ஆனால் இரண்டையும் பிரித்து எடுக்க எனக்குத் தெரியவில்லை.

நாலு படி மொச்சை ஊற வைத்தேன். ஆள் கூடினால் ஆகும் என்று தனியாக இன்னும் இரண்டு படி. எட்டாம் நாள் விடிந்ததும் குளித்து, விளக்கு வைத்து, அடுப்பு மூட்டினேன். மொச்சை வெந்தது, பூண்டு வெந்தது, மிளகும் சீரகமும் அரைத்துப் போட்டேன், மத்தைப் பிடித்தேன். கடைந்தேன், கடைந்தேன், தோள்பட்டை கழன்றுவிடும்போலக் கடைந்தேன். நாக்கில் வைத்தால் மணல் மணலாக, தோல் தோலாக இருந்தது. வெந்நீர் விட்டால் நீர்த்துப் போனது. வற்ற விட்டால் கட்டி தட்டியது.

தூரத்துக் குடிசைகளில் மேளம் கேட்டது. சாமி ஊர் சுற்றி வர உச்சியாகும். நாற்பது பேர் வந்து உட்காருவார்கள். களியைப் பிட்டுத் தோய்த்து வாயில் போடுவார்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சும்மா இருப்பதை நினைத்தேன். என் வீட்டுக்காரர் விரலைச் சப்பாமல் கை கழுவப் போவதை நினைத்தேன்.

கை உறிக்குப் போனது.

ஒரே ஒரு உருண்டை. சட்டியில் விழுந்து உருகிக் காணாமல் போனது. நான் கடைந்தேன். மினுக்கம் வந்தது, வந்து மேலே மிதந்தது. குளத்துத் தண்ணீரில் எண்ணெய் கொட்டியதுபோல் தனித் தனியாக மிதந்தது. எட்டு நாள் வெண்ணெயின் புளித்த வாசம். அப்போதுதான் அக்கா, எனக்குத் தெளிவாக ஒன்று தெரிந்தது. உன் கடைசல் இப்படி இருந்ததே இல்லை. உன்னுடைய மினுக்கம் உள்ளேயிருந்து வந்தது. பதினோரு வருஷம் முன்னால் எண்ணிக்கை சொன்னதை இப்போது என் மூக்கே சொன்னது.

"சின்னம்மா, என்னங்க இது, வெண்ணெ வாசம்?"

உன் மகள் ராசம்மா. திருவிழாவுக்குப் புருஷன் வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். இடுப்பில் ஒரு கூடை. அவள் என்னைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தாள். உறி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்கம்மாவெக் கற்பூரம் அணைக்க வச்சீங்களே, அந்த வெண்ணெதானுங்களே இது?"

உன் கண் அவளுக்கு. அவள் கத்தியிருந்தால் வாசலில் இருந்த பெண்கள் உள்ளே வந்திருப்பார்கள், அன்றைக்கு வந்ததுபோலவே. அவள் கத்தவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "புடிங்க" என்றாள். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லை எருக்குழியில் கவிழ்த்தோம்.

"அந்தச் சட்டி ஆகாது. பரண்ல அம்மா சட்டி இருக்கும், எடுங்க. ஊறுன மொச்செ இன்னும் இருக்குங்களா?"

"ரெண்டு படிதான் கண்ணு இருக்குது. நாப்பது பேருக்கு எங்க காணும்?"

"காணுமுங்க. அம்மா பாதிக்குப் பாதிதான் மொச்செ போடுவா."

கூடையைத் திறந்து காட்டினாள். பலாக்கொட்டை. இந்த வருஷத்துப் பழத்துக் கொட்டை, கழுவிக் காய வைத்தது, கூடை நிறைய.

மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து இரண்டு பேருமாக மொச்சையைப் பிதுக்கினோம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து. பருப்பு துள்ளி இந்தப் பக்கம், தோல் அந்தப் பக்கம். கன்றுக்குட்டி வந்து தோலுக்கு மூக்கை நீட்டியது. "எங்கம்மா கோழி கூப்புடறதுக்கு முன்னாலயே இங்க வந்து உக்காந்துக்குவா. ஒரு தோலுகூடச் சட்டிக்குள்ள போவக் கூடாதும்பா. விரலு ரெண்டும் வெந்துபோன மாதிரி இருக்கும்" என்றாள் ராசம்மா.

பதினாறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். கொட்டகையில் உனக்கு என்ன வேலை என்று ஒரு நாள் எட்டிப் பார்த்தேனா? அன்றைக்கெல்லாம் நான் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெண்ணெய் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பலாக்கொட்டையை வேக வைத்து, மேல் ஓட்டை உரித்து, உள்ளே இருக்கிற சிவந்த தோலையும் சுரண்டி, சூட்டோடு அம்மியில் வைத்தோம். மிளகு ஒரு பிடி, சீரகம், பூண்டு. "தண்ணி தொட்டு அரைக்காதீங்க சின்னம்மா, மொச்செ வெந்த தண்ணியெத் தொட்டு அரைங்க." விழுது மாவாக இல்லை, வெண்ணெயாக வந்தது. ஆமாம், அந்த வார்த்தையைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. வெந்த மொச்சையில் அதைப் போட்டு, மொச்சைத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஒரு கரண்டி, ஒரு கரண்டியாக விட்டு, மத்தை ஒரே பக்கம் சுற்றினேன். மேளம் நம் வாசலுக்கு வந்தபோது நல்லெண்ணெயில் கடுகும் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினேன். சட்டி மினுங்கியது. உள்ளேயிருந்து.

பந்தி உட்கார்ந்தது. அத்தை முதல் வாயை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "பாவாயி கையி" என்றார்.

அத்தோடு பந்தி முழுக்க அதே பேச்சு. பாவாயி கை, பாவாயி வந்து நின்று ஆக்கினாள், அம்மனோடு அம்மனாக அவளும் வந்துவிட்டாள். மத்தைப் பிடித்தது நான் அக்கா. தோள் வலி எனக்கு, பேர் உனக்கு. செத்துப்போயும் என் இலையில் வந்து உட்காருவாயா நீ? இருந்தபோது உன்னோடு போட்டி போட்டேன். இப்போது யாரோடு போடுவேன்?

என் வீட்டுக்காரர் இலையை வழித்துக்கொண்டே நிமிர்ந்து, உன் குரல் மாதிரியே குழைந்து, "தின்னு பாரு சாமி, வெண்ணெ இருக்கான்னு" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர் கண்ணில் தண்ணீர். மிளகோ, நீயோ தெரியாது. ராசம்மா தண்ணீர்ச் செம்போடு நின்று என்னையே பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உன்னைப் போலவே சொல்லவில்லை.

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலம் விளக்குக்குப் போனது பத்து உருண்டை நெய். யாரும் எண்ணவில்லை, எண்ணுகிறவள் நான்தானே. நோட்டில் எழுதினேன்: 'பத்து. ஒன்று அங்கம்மா சட்டியில் போட்டாள்.' எழுதியதும் பின்னால் புரட்டி அந்தப் பழைய பக்கத்தைத் தேடினேன். பதினொன்று, பதினொன்று என்று இரண்டு தடவை எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். எத்தனையோ நாள் அதைக் கிழித்துவிட நினைத்ததுண்டு. கணக்குப் பக்கத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. அந்த அளவுக்கு மட்டும் நான் நேர்மைக்காரி.

இப்போது என் வாக்கைக் கேட்டுக்கொள். புரட்டாசி அமாவாசைக்கு உனக்குப் படைப்போம். அன்றைக்குக் கற்பூரம் பார்த்த பெண்களையும் பூசாரியையும் வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை. ராசம்மாவை அருகில் நிறுத்திக்கொண்டு இந்தக் கடிதத்தை நானே உரக்க வாசிப்பேன். நோட்டின் இரண்டு பக்கத்தையும் காட்டுவேன். அத்தைக்குக் கண் தெரியாவிட்டால் அவர் விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் வைப்பேன். பிறகு கற்பூரம் ஏற்றச் சொல்லி, நான் உள்ளங்கையை வைப்பேன். உன் வட்டம் போலவே எனக்கும் ஒன்று விழட்டும். அதிலாவது நாம் சமமாகலாம்.

அதன் பிறகு அந்தச் சட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார்களோ என்னவோ. வாங்கிக்கொண்டால் ராசம்மாவிடம் போகட்டும், எனக்கு வருத்தம் இல்லை. பொய், இருக்கிறது. நிறைய இருக்கிறது.

விட்டு வைத்தார்கள் என்றால், ஒவ்வொரு ஆடியும் உன் முறைப்படியே கடைவேன். தோல் எடுப்பேன், பலாக்கொட்டை சேர்ப்பேன், ஒரே பக்கம் சுற்றுவேன். ஆனால் மிளகு மட்டும் ஒன்றரைப் பிடி போடுவேன் அக்கா. அந்த அரைப் பிடி என்னுடையது. அத்தை நாக்கில் வைத்துவிட்டு, "இது பாவாயி கையி இல்லையே, யாரு கையி?" என்று ஒரு தடவை கேட்கட்டும். முதல் அகப்பையை உன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நம் வீட்டில் படம் ஏது? உன் சட்டிக்கு முன்னால் வைக்கிறேன். தின்னு பாரு சாமி.

இப்படிக்கு,
உன் கொழுந்தன் மனைவி, பதினொன்றையும் எண்ணிவிட்டு வாய் திறக்காத உன் சின்னவள்,
அங்கம்மா